அகலப் பாதை கேட்டவர்கள்

1964 அக்டோபர் 1, காலை 6 மணி. டோக்கியோ நிலையத்தில் ரிப்பன் வெட்டினார்கள். ஒசாகாவுக்கு ஜப்பானின் முதல் ஷிங்கான்சென் அதிவேக ரயில் புறப்பட்டது. அந்த ரயிலுக்காகப் போராடிய தேசிய ரயில்வேயின் முன்னாள் தலைவர் ஷின்ஜி சோகோவுக்கும் தலைமைப் பொறியாளர் ஹிதியோ ஷிமாவுக்கும் விழாவுக்கு அழைப்பில்லை. செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஏறக்குறைய இரு மடங்காகிவிட, முந்தைய ஆண்டே இருவரும் பதவியிலிருந்து வெளியேறியிருந்தார்கள்.

அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதிதான்.

1872இல் ஜப்பானின் முதல் ரயில் 1,067 மில்லிமீட்டர் பாதையில் ஓடியது. நம் பழைய மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம்தான் அகலம். மலை மிகுந்த நாட்டில் செலவு குறைவு என்பது லாபம்; வேகம் கூட்ட முடியாது என்பது நஷ்டம். ஹிதியோவின் தந்தை யசுஜிரோவும் ரயில் பொறியாளர்தான். 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு மாறியே ஆக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. 1940இல் டோக்கியோவிலிருந்து ஷிமொனோசெகி வரை அகலப் பாதை போட ஒப்புதல் கிடைத்தது. நிலம் வாங்கினார்கள், மலையைக் குடைந்தார்கள். போர் முற்றியதும் வேலை நின்றுபோனது.

1955இல் சோகோ பொறுப்பேற்றபோது வயது 71. இனி எல்லாம் காரும் விமானமும்தான், ரயிலுக்கு எதிர்காலமில்லை என்று படித்தவர்களே பேசிய காலம். விலகிப் போயிருந்த ஹிதியோ ஷிமாவை அவர் திரும்ப அழைத்துவந்தார். டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்த, நெரிசலில் திணறிய டொகாய்டோ பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு குறுகிய பாதை போட்டால் போதாதா என்று பலர் கேட்டார்கள். இருவரும் இறங்கிவரவில்லை. லெவல் கிராசிங்கே இல்லாத, பழைய ரயில்கள் எதுவும் குறுக்கிடாத தனிப் பாதைதான் வேண்டும் என்றார்கள். போர்க்காலத்தில் கடற்படை விமானங்களின் அதிர்வை ஆராய்ந்த ததாஷி மட்சுதைரா, ரயில் சக்கரங்களின் ஆட்டத்தை அடக்கும் வேலையில் இறங்கினார். 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓரத்துச் சிக்னலை ஓட்டுநரால் பார்க்க முடியாது. எனவே சிக்னல் அவருடைய அறைக்குள்ளேயே வந்தது. 1961இல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் தந்தது. வெளிநாட்டுக் கடன் இருந்தால் எந்த அரசும் திட்டத்தைப் பாதியில் விட முடியாது என்பது அதில் இருந்த சாமர்த்தியம். போரில் கைவிடப்பட்ட ஷின்-தன்னா சுரங்கத்தைத் தோண்டும் வேலை அதற்கு முன்பே மீண்டும் தொடங்கியிருந்தது.

டோக்கியோ–ஒசாகா ஆறரை மணி நேரப் பயணம் முதலில் 4 மணி நேரமாகவும், மறு ஆண்டே 3 மணி 10 நிமிடமாகவும் சுருங்கியது.

பிறகு எல்லா ஊர்களும் தமக்கும் வேண்டும் என்றன. 1970இல் நாடு முழுவதற்குமான ஷிங்கான்சென் சட்டம் வந்தது. 1975இல் ஹகாதா, 1982இல் மொரியோகா, நீகதா என்று பாதைகள் நீண்டன. இந்த வளர்ச்சியால் தூக்கம் தொலைத்தவர்களும் உண்டு. நகோயாவில் பாதையோரம் வாழ்ந்த மக்கள் இரைச்சலையும் அதிர்வையும் எதிர்த்து 1974இல் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கைச் சொல்லாமல் ஷிங்கான்சென் வரலாற்றை எழுதுவது நியாயமாகாது. தேசிய ரயில்வேயோ சுமார் 37 லட்சம் கோடி யென் கடனில் மூழ்கி, 1987இல் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது.

பாதை அகலத்தின் சிக்கல் இன்றும் தீரவில்லை. 2022இல் திறந்த தகேயோ ஒன்சென்–நாகசாகி தடம் 66 கிலோமீட்டர்தான்; மற்ற ஷிங்கான்சென் பாதைகள் எதனுடனும் அது சேரவில்லை. இரண்டு அகலத்திலும் ஓடும் ரயிலை உருவாக்கும் முயற்சி கைகூடவில்லை. ஹகாதாவுக்கும் நாகசாகிக்கும் இடையில் உள்ள சாகா மாகாணம், செலவையும் தன் உள்ளூர் ரயில்களின் கதியையும் எண்ணி முழு அகலப் பாதைக்குத் தயங்குகிறது. ஹகாதாவிலிருந்து குறுகிய பாதை ரயிலில் வருகிறவர்கள் தகேயோ ஒன்செனில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஷிங்கான்செனில் ஏறுகிறார்கள்.