பச்சிளங்குழந்தைகளின் இரத்தநாளக் கட்டி: ஹார்மோன்கள், வளர்ச்சிக் காரணிகளின் பங்கு

பிறந்தபோது இல்லாத சிவப்புத் தடிப்பு, இரண்டு மூன்று வாரங்களில் குழந்தையின் தோலில் எழுமாயின், அது பெரும்பாலும் ஹீமாஞ்சியோமா எனப்படும் இரத்தநாளக் கட்டியாகும். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு இது தோன்றுகிறது. இது புற்றுநோய் அன்று. கருவுற்ற தாய் கிரகணத்தைப் பார்த்ததாலோ, உண்ட உணவாலோ வருவதும் அன்று.

கட்டி ஏன் வளர்கிறது?

திசுக்களில் ஆக்சிஜன் குறையும்போது, புதிய இரத்தநாளங்களை உருவாக்கத் தூண்டும் புரதங்களை உடல் சுரக்கிறது. இவையே வளர்ச்சிக் காரணிகள். இக்கட்டியில் அவை மிகுதியாக உள்ளன. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இது கூடுதலாக வருவதற்கு ஆக்சிஜன் குறைவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இத்தூண்டலை வலுப்படுத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. பெண் குழந்தைகளுக்கு இது அதிகம் வருவதை அது ஒன்றே விளக்கிவிடாது.

காத்திருக்கலாமா?

நான்கு வயதுக்குள் பெரும்பாலான கட்டிகள் தாமாகவே சுருங்கிவிடும். "தானே போய்விடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆயினும் கண்ணிமை, மூக்கு, உதடு, தாடைப் பகுதி, இடுப்பின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் உள்ள கட்டிக்கு இது பொருந்தாது. பார்வையும் மூச்சும் பாதிக்கப்படலாம். கட்டி மிக விரைந்து வளர்வது ஐந்தரை முதல் ஏழரை வாரங்களுக்குள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குச் செல்லும் நாளும் அதே காலத்தில் வருவதால், அன்றே செவிலியரிடமும் மருத்துவரிடமும் தவறாது காட்டுங்கள். முகத்தில் இருந்தால் அதுவரையிலும் காத்திருக்க வேண்டாம்.

தோலில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிகள் இருப்பின் கல்லீரலை ஸ்கேன் செய்ய வேண்டும். கல்லீரலில் உள்ள பெரிய கட்டிகள் தைராய்டு ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரப்பதுண்டு. அப்போது தைராய்டு சுரப்பி நலமாக இருந்தும் குழந்தைக்கு அந்த ஹார்மோன் போதாமல் போகும். மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறந்தவுடன் செய்த தைராய்டு பரிசோதனை இயல்பாக இருந்திருந்தாலும் மீண்டும் பார்ப்பது அவசியம்.

சிகிச்சை

முன்பு ஸ்டீராய்டு மருந்தே தரப்பட்டது. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயப் பாதிப்புக்காக ஒரு குழந்தைக்கு புரோப்ரனலால் கொடுத்தபோது அதன் இரத்தநாளக் கட்டியும் சுருங்குவதைக் கண்டு 2008இல் வெளியிட்டனர். அட்ரினலின் வகை ஹார்மோன்கள் செல்களில் செயல்படும் வாயிலை இம்மருந்து அடைக்கிறது. வளர்ச்சிக் காரணிகளும் குறைகின்றன. இன்று இதுவே முதல் மருந்து.

பால் குடித்த பின்னரே மருந்தைக் கொடுங்கள். குழந்தை பால் குடிக்காவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சிரைத்தாலோ மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அணுகுங்கள்; இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். வியர்வை, நடுக்கம், எழுப்பியும் எழாத சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். தாமதியாமல் 108ஐ அழையுங்கள்.

சூடு போடுதல், பச்சிலை அரைத்துப் பூசுதல், நூல் கட்டுதல் ஆகியவற்றால் புண்ணும் இரத்தக்கசிவுமே மிஞ்சும். கட்டியில் இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பெரம்பலூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகள் நலப் பிரிவில் காட்டலாம். வாரம் ஒருமுறை கட்டியை அளவுகோலுடன் கைப்பேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். வளர்ச்சியின் வேகத்தை மருத்துவர் அதிலிருந்தே கணிப்பார்.