போத்தல் கழுவ வந்தவர்



வாழைப்பழம் அதிகமாய்ப் பழுத்துவிட்டால் அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் மொய்க்குமே, பார்த்திருப்பீர்கள். கையால் விரட்டினால் போகும், மறுநிமிடம் வந்துவிடும். பழ ஈ என்போம். விஞ்ஞானிகள் வைத்த பெயர் டுரோசோபிலா. தாய் தகப்பன் சாயல் பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்ற கேள்விக்குப் பெரும் பகுதி விடையைச் சொன்னது இந்த அற்ப ஜீவன்தான் என்றால் நம்புவீர்களா? அந்த வரலாற்றில் பேராசிரியரின் பெயரைப் பாடநூல்கள் தவறாமல் சொல்லும். போத்தல் கழுவ வந்த இளைஞனைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஆகவே அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற பேராசிரியர் இருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு 'ஈ அறை' என்றே பெயர் விழுந்துவிட்டது. 16 அடிக்கு 23 அடி. நம் வகுப்பறையைவிடச் சிறியது. அதற்குள் எட்டு மேசைகள். மூலையில் ஒரு வாழைத்தார் தொங்கும். அலமாரி நெடுகப் பால் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் மசித்த பழமும் ஈக் கூட்டமும். நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்!

ஏன் ஈயைப் பிடித்தார்கள்? தீனிச் செலவு குறைவு. சுமார் பத்து நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும். குரோமோசோம்களோ நான்கே ஜோடி. மனிதனை வைத்து இதே கணக்கைப் பார்க்க வேண்டுமானால் பாட்டன் தொடங்கிப் பேரன் முடிக்க வேண்டும்.

அந்த அறைக்குத்தான் கால்வின் பிரிட்ஜஸ் போத்தல் கழுவ வந்தார். 1889-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் போய்விட, பாட்டிதான் வளர்த்தார். ஒழுங்கான படிப்பு வாய்க்கவில்லை. உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்போது வயது 20. 1909-இல் கொலம்பியாவில் சேர்ந்தார். கைச்செலவுக்குக் காசு வேண்டுமே! பழைய ஈப் போத்தல்களைக் கழுவும் வேலை கிடைத்தது. நம் பக்கத்தில் முன்பு பிள்ளைகள் பால்மரத்து மங்கு துடைக்கப் போனார்களே, கிட்டத்தட்ட அதைப் போன்ற சில்லறை வேலைதான்.

ஒருநாள் கழுவ எடுத்த போத்தலின் தடித்த கண்ணாடி வழியாகவே ஓர் ஈ வித்தியாசமாகத் தெரிந்தது. பழ ஈயின் கண் வழக்கமாக மங்கிய சிவப்பு. இதற்கோ பளிச்சென்ற செந்நிறம். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதை இவர் வெறுங்கண்ணால் கண்டுவிட்டார். மார்கன் சும்மா விடுவாரா? உடனே தம் உதவியாளராக வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, உதவியாளர் வேலை என்றால் என்ன தெரியுமா? ஈக்களை ஈதர் ஆவியில் மயக்கி, ஒரு தட்டில் கொட்டி, மெல்லிய கருவியால் ஒவ்வொன்றாய்த் தள்ளி, ஆண் எத்தனை, பெண் எத்தனை, கண் என்ன நிறம், இறகு என்ன வடிவம் என்று எண்ணி எழுத வேண்டும். இன்றைக்கும் எண்ண வேண்டும், நாளைக்கும் எண்ண வேண்டும். "விஞ்ஞானி ஆவேன் சார்" என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். "ஈ எண்ணப் போறேன் சார்" என்று எவனும் சொன்னதில்லை! பிரிட்ஜஸ் எண்ணியதோடு நிற்கவில்லை. ஒற்றைக் கண்ணாடிக்குப் பதிலாக இரு கண்ணாலும் பார்க்கும் உருப்பெருக்கியைக் கொண்டுவந்தார். அழுகும் வாழைப்பழத்தை விடுத்து, அகர் சேர்த்த தீனியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவர் பங்கு பெரிது.

இனி முக்கியமான விஷயம். வெள்ளைக் கண் தாய்க்கும் சிவப்புக் கண் தந்தைக்கும் பிறந்தால், மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை. இது ஈக்களின் விதி. ஆனால் ஆயிரக்கணக்கில் ஒன்றிரண்டு மட்டும் வெள்ளைக் கண் மகளாகவோ சிவப்புக் கண் மகனாகவோ பிறந்தன. வேறொருவர் "கணக்குப் பிழை" என்று தள்ளியிருப்பார். பிரிட்ஜஸ் இப்படி யோசித்தார்: தாயிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அவை பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விட்டால்? தந்தையின் ஒய் வந்து சேர, அந்த மகளுக்கு இரண்டு எக்ஸ், ஒரு ஒய் என மூன்று இருக்க வேண்டும். (ஈக்களில் இரண்டு எக்ஸ் இருந்தால், ஒய் இருந்தாலும் பெண்தான்.) உருப்பெருக்கியில் பார்த்தார். அப்படியே இருந்தது! மரபுக் காரணிகள் குரோமோசோமில்தான் உள்ளன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 1916-இல் 'ஜெனிட்டிக்ஸ்' என்னும் ஆய்விதழ் தொடங்கியபோது, அதன் முதல் இதழில் முதல் கட்டுரை இதுதான்.

1928-இல் மார்கனோடு கலிபோர்னியாவுக்குப் போனார். 1933-இல் நோபல் பரிசு மார்கன் ஒருவருக்கே கிடைத்தது. அந்த மனிதர் பரிசுப் பணத்தில் பிரிட்ஜஸின் பிள்ளைகளுக்கும், இன்னொரு சீடரான ஸ்டர்டிவன்ட்டின் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனாலும் பெயர் வேறு, பணம் வேறு அல்லவா? பேராசிரியர் நாற்காலி பிரிட்ஜஸுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

1935-இல் ஈப் புழுவின் எச்சில் சுரப்பியிலுள்ள பெரிய குரோமோசோம்களை வரி வரியாக வரைந்து, 102 பிரிவுகளாக எண்ணிட்டு வெளியிட்டார். அந்த எண்களைத்தான் இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதைத் திருத்தி இன்னும் நுணுக்கமாக வரைந்துகொண்டிருந்தபோது, 1938 டிசம்பரில், 49 வயதில் காலமானார். மிச்சமிருந்த வரைபடங்களை அவருடைய மகன் பிலிப் வரைந்து முடித்தார்.