நோயாளியே பாதி டாக்டர்: சர்க்கரை நோய்ப் பாடம் காஞ்சிபுரத்துக்கு வந்த கதை

இன்னைக்கு எபிசோட்ல நாம பார்க்கப் போறது ஒரு மருந்தோட வரலாறு இல்ல, ஒரு பாடத்தோட வரலாறு. சர்க்கரை நோயாளிக்கு அவரோட நோயை அவரே பார்த்துக்கக் கத்துக்கொடுக்கணும்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு? அது சென்னைக்கு எப்படி வந்தது, அங்கேர்ந்து நம்ம காஞ்சிபுரம் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், கணக்கு போடாம இருக்க முடியாது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, முழுசா அரை மணி நேரம் டாக்டரைப் பார்த்தாக்கூட மொத்தம் 2 மணி நேரம்தான். மிச்சம் 8,758 மணி நேரமும் என்ன சாப்பிடறது, மாத்திரையை எப்போ போடறது, காலுல புண் இருக்கான்னு பார்க்கறது எல்லாமே நோயாளி கையில. ஆக, பாடம்ங்கறது சிகிச்சைக்குக் கூடுதலா கொடுக்கற இலவச இணைப்பு இல்ல. அதுவே சிகிச்சைதான்.

இந்த யோசனை இன்சுலினை விடக் கொஞ்சம் பழசு. அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ஜாஸ்லின், 1918-லயே டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படிக்கிற மாதிரி ஒரு சர்க்கரை நோய்க் கையேடு எழுதினார். 1921-ல டொராண்டோவுல இன்சுலின் கண்டுபிடிச்சாங்க. 1922 ஜனவரியில லெனர்ட் தாம்சன்ங்கற 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி போட்டாங்க. அதுவரைக்கும் அந்த வயசுல இந்த நோய் வந்தா மரணம்தான். ஊசி வந்ததும் உயிர் பிழைச்சது, ஆனா புதுசா ஒரு சிக்கலும் வந்தது. அளவு குறைஞ்சா சர்க்கரை ஏறும், கூடினா இறங்கி மயக்கம் வரும். தினமும் ஊசி போட வீட்டுக்கு டாக்டர் வர முடியுமா? அதனால ஜாஸ்லின் தன் நோயாளிகளை மாணவர்களா மாத்தினார். ஊசி போடறது, உணவை அளக்கறது, சிறுநீரைச் சோதிக்கறது எல்லாம் பாடம். பெனடிக்ட் கரைசல்ல சிறுநீரை விட்டுச் சூடு பண்ணினா நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்புன்னு நிறம் மாறும். நிறத்தைப் பார்த்து நோயாளியே நிலவரம் தெரிஞ்சுக்கலாம். இந்தப் பாடத்தை நடத்தினதுல நர்ஸுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வீடு வீடாப் போய்ச் சொல்லிக்கொடுத்தவங்களும் அவங்கதான்.

இதெல்லாம் பலன் தருதான்னு நிரூபிக்க ரொம்ப வருஷம் ஆச்சு. 1993-ல வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல 1,441 பேர் இருந்தாங்க, எல்லாரும் டைப் 1 நோயாளிகள். ஒரு பிரிவினர் தினமும் பல தடவை ரத்தச் சர்க்கரையைத் தாங்களே பார்த்து, அதுக்குத் தகுந்தபடி இன்சுலின் அளவை மாத்திக்கிட்டாங்க. அவங்களுக்குப் புதுசா விழித்திரை பாதிப்பு வர்ற அபாயம் 76 சதவீதம் குறைஞ்சது.

இப்போ சென்னைக்கு வருவோம். 1948-ல ஸ்டான்லி மருத்துவமனையில சர்க்கரை நோய்க்குன்னே தனிப் பிரிவு ஆரம்பிச்சவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954-ல ராயபுரத்துல மருத்துவமனையும் தொடங்கினார். வெளிநாட்டுப் புத்தகத்துல இருக்கற உணவுப் பட்டியலைச் சோறு சாப்பிடற ஊர்ல அப்படியே கொடுத்தா யாரும் பின்பற்ற மாட்டாங்க. அவர் மாவுச்சத்தோட நார்ச்சத்தும் அதிகமா இருக்கற, நம்ம சாப்பாட்டுக்கு ஒத்துவர்ற உணவு முறையை ஆராய்ஞ்சார். பாடம் நம்ம ஊர் பாஷைக்கு மாறுறதுன்னா இதுதான்.

அதே ராயபுரத்துலேர்ந்து 2005-ல ஒரு கட்டுரை வந்தது. கால் பாதிப்பு அபாயம் அதிகம் இருந்த 1,259 நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து கவனிச்சாங்க. சொன்னதைச் சரியாப் பின்பற்றினவங்கள்ல 82 சதவீதம் பேருக்குப் புண் ஆறுச்சு. பின்பற்றாதவங்கள்ல 50 சதவீதம்தான். அறுவை சிகிச்சை வரைக்கும் போனது முதல் பிரிவுல 3 சதவீதம், அடுத்ததுல 14 சதவீதம்.

இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு நம்ம ஊர்தான் கண்ணு முன்னாடி வந்தது. குழித்தறியில உட்கார்ற நெசவாளி நாள் முழுக்க வெறுங்காலால மிதிபலகையை மிதிக்கறார். சர்க்கரையால காலுல உணர்ச்சி குறைஞ்சிருந்தா சிராய்ப்பு பட்டாலும் தெரியாது. உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கிற வேலைக்குக் கண்ணு துல்லியமா இருக்கணும். விழித்திரை போனா தொழிலே போச்சு. அப்புறம் கோயில். வரதராஜர் கோயில்லயோ ஏகாம்பரநாதர் கோயில்லயோ மத்தியான வெயில்ல செருப்பைக் கழட்டிட்டுக் கருங்கல்லுல நடந்தா, மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இங்க, "செருப்பு இல்லாம நடக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னா அது பாடம் ஆகாது. "கோயிலுக்குக் காலையில வெயிலுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்கம்மா, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலைக் கண்ணாடியில பாருங்க"ன்னு சொன்னா அது பாடம். கோயில் இட்லியை விடச் சொல்ல வேண்டாம், எத்தனைன்னு பேசினா போதும்.

அப்போ பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துல யாராவது இப்படிக் கிராமத்துக்கே போய்ச் சொன்னாங்களா? சொன்னாங்க. 2006-ல சூணாம்பேடு பகுதியில, மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒரு திட்டம் தொடங்குச்சு. அந்த ஊர் இப்போ செங்கல்பட்டு மாவட்டம். 42 கிராமம், சுமார் 27,000 பெரியவங்க. கண், கால், இதயம் சோதிக்கற கருவிகளோட ஒரு வேன். அதுலேர்ந்து விழித்திரைப் படம் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியா சென்னைக்குப் போகும். 86 சதவீதத்துக்கும் மேல பரிசோதிச்சாங்க. அங்கேயே ஒரு மையமும் வெச்சாங்க. சிகிச்சையில சேர்ந்தவங்களோட மூணு மாசச் சராசரி அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, ஒரே வருஷத்துல 9.3-லேர்ந்து 8.5-க்கு இறங்குச்சு.

8.5-ங்கறது வெற்றிக் கோடு இல்ல, பலருக்கும் இலக்கு 7 பக்கத்துல. ஆனா சென்னைக்கு அனுப்ப வேண்டி வந்தவங்க 5 சதவீதத்துக்கும் குறைவு. மிச்ச எல்லாத்தையும் ஊர்லயே பார்த்துக்க முடிஞ்சது.

2021 ஆகஸ்ட் 5-லேர்ந்து தமிழக அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. மாத்திரையோட வாசலுக்கு வர்ற அந்த அக்காகிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. காலைக் காட்டுங்க, கேள்வி கேளுங்க. 1918-ல ஜாஸ்லின் ஆரம்பிச்ச வகுப்பு இன்னும் முடியல. நம்ம வீட்டுத் திண்ணையிலயும் நடக்கலாம்.