இந்தூர் குழி: குப்பை உரமான கதை

காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் ஒரு தொட்டியில் போட்டு வீட்டிலேயே கம்போஸ்ட் செய்பவர்கள் இப்போது நிறைய பேர். மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால், அடுக்கடுக்காகப் போட வேண்டும், நடுநடுவே கிளறிவிட வேண்டும் என்பார்கள். இந்த முறைக்கு ஒரு ஊரின் பெயர் உண்டு தெரியுமா? இந்தூர் முறை!

ஆல்பர்ட் ஹோவர்ட் 1873-ல் இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1905-ல் பீகாரில் உள்ள பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு தாவரவியல் நிபுணராக வந்தார். இந்திய விவசாயிக்குப் பாடம் நடத்த வந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நடந்தது தலைகீழ். பூசாவைச் சுற்றியிருந்த கிராமத்து வயல்களில் ரசாயன உரமும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை. ஆனாலும் பயிர்கள் நோயில்லாமல் நின்றன. அந்த விவசாயிகளையும், ஏன், பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தன் ஆசிரியர்களாக வைத்துக்கொண்டார் ஹோவர்ட். தன்னிடம் இருந்த 75 ஏக்கரில் மருந்து தெளிக்காமல் பயிர் செய்து பார்த்தார்.

அவருடைய மாடுகள் வேலி ஓரத்தில் கோமாரி வந்த பக்கத்து மாடுகளோடு மூக்கை உரசிக்கொண்டும் நோய் வராமல் இருந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். (இதை ஒரு பரிசோதனை என்று சொல்ல முடியாது. ஒருவர் கண்ணால் கண்டது, அவ்வளவுதான். இன்றும் பலர் இதை நிரூபணம் போல எடுத்துச் சொல்கிறார்கள்.)

1924-ல் இந்தூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பொறுப்பேற்றார். அங்கே முன்னால் நின்றது ஒரு வரவு செலவுப் பிரச்சினை. மாடு போடும் சாணம் வயலுக்கு வேண்டும். ஆனால் விறகு கிடைக்காத வீட்டில் அதே சாணம் வரட்டியாகி அடுப்புக்குள் போய்விடும். அடுப்பை அணைக்கச் சொல்ல முடியுமா? மிஞ்சுகிற கொஞ்சம் சாணத்தை வைத்து நிறைய உரம் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி. சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகள் எந்தக் கழிவையும் வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்பித் தருவதைப் பற்றி அமெரிக்கரான எஃப். ஹெச். கிங் எழுதி 1911-ல் வெளிவந்த புத்தகம் ஹோவர்டுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

முறை இதுதான். முதலில் 6 அங்குல உயரத்துக்கு செடி கொடிக் கழிவு, அதன்மேல் 2 அங்குலம் சாணம், அதன்மேல் மாட்டுத் தொழுவத்தில் கோமியம் ஊறிய மண்ணும் சாம்பலும் கொஞ்சம் தூவ வேண்டும். இப்படியே அடுக்கிக்கொண்டு போக வேண்டும். காற்று இறங்குவதற்குக் கடப்பாரையால் மேலிருந்து கீழாகத் துளை போட வேண்டும். 2, 3 வாரத்தில் ஒரு முறையும், அதற்குப் பிறகு சுமார் 3 வாரம் கழித்து இன்னொரு முறையும் புரட்டிவிட்டால் 3 மாதத்தில் உரம் தயார். பருத்திமார் மட்டும் சீக்கிரம் மக்காது. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பண்ணைப் பாதையில் பரப்பிவிட்டார்கள். வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் அதை நொறுக்கிக் கொடுத்தன. இயந்திரச் செலவே இல்லை!

இந்த முறையை விளக்கும் புத்தகம் 1931-ல் வந்தது. அதன் அட்டையில் இரண்டு பெயர்கள்: ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட். வாட் அந்த நிலையத்தில் வேலை பார்த்த ரசாயன அறிஞர். ஹோவர்டுக்கு 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. இயற்கை விவசாயத்தின் தந்தை என்ற பெயரும் வந்து சேர்ந்தது. வாட் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? ஹோவர்டின் மனைவி கேப்ரியல் நிலைமையும் அதுவே. கேம்பிரிட்ஜில் படித்த தாவர விஞ்ஞானியான அவர், பூசா கோதுமை ரகங்களை உருவாக்குவதில் கணவருக்குச் சமமாக உழைத்தவர். 1930-ல், புத்தகம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். பூசாவில் பாடம் சொல்லிக்கொடுத்த விவசாயிகளுக்கோ பெயரே இல்லை. உழைப்பு பலருடையது, லாபம் ஒருவர் கணக்கில்!

அதற்குப் பிறகு இந்த முறை கென்யாவின் காப்பித் தோட்டங்களுக்கும் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனது. ஹோவர்டைப் படித்த ரோடேல் என்பவர் 1942-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். வீட்டுத் தோட்டக்காரர்களிடம் கம்போஸ்டைக் கொண்டு சேர்த்ததில் அந்தப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் ஒரே குறை, ஆள் கூலி. ஒரு பெரிய குழியைப் புரட்டுவது என்றால் சும்மாவா? இதற்கு மாற்றாக 1939-ல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா இன்னொரு வழி சொன்னார். குழியை நிரப்பி, சேற்றால் மெழுகி மூடிவிட வேண்டும். புரட்டவே வேண்டாம், ஆனால் காத்திருக்கும் காலம் 6 மாதத்துக்கு மேல். மாடித் தொட்டியில் செய்பவர்களுக்கு இந்தக் கூலிப் பிரச்சினை கிடையாது. ஒரு குச்சி போதும். தொட்டி நாறத் தொடங்கினால் உள்ளே ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். இரண்டு கைப்பிடி காய்ந்த இலையைப் போட்டு நன்றாகக் கிளறிவிட்டால் சில நாளில் நாற்றம் போய்விடும்.