விருந்தினரான வேதபோதகர்கள்

பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருவாக இருந்து பிரிந்து சென்ற மென்னோ சைமன்ஸின் பெயரால் வழங்குவது மென்னோனைட் சபை. அச்சபையார் தென் அமெரிக்காவில் கற்ற பாடம் ஒன்று, மறைபரப்புப் பணியை நேசிக்கும் நாம் அனைவரும் அறியத்தக்கது.

அர்ஜென்டினாவின் வடபகுதியில் சாக்கோ என்னும் காட்டுச் சமவெளி உள்ளது. அங்கு வாழும் தோபா பழங்குடியினர் தங்களைக் 'கோம்' என்றே அழைத்துக்கொள்வர். வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த அவர்கள், நிலம் பறிபோனபின் பருத்தி வயல்களில் கூலிகளாயினர். 1924 ஜூலை 19-ம் நாள் நபால்பி என்னுமிடத்தில் தோபா, மொகொவி மக்கள் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று நீதிமன்றம் அறிவித்ததோ 2022-ல்தான்!

இம்மக்களிடையே 1943-ல் மென்னோனைட் போதகர்கள் மிஷன் ஒன்றை நிறுவினர். பள்ளியும் மருந்தகமும் கடையும் எழுந்தன. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆயினும் தோபா மக்களின் உள்ளம் வேறிடத்தில் இருந்தது. பாட்டும் நடனமும் நோய் நீக்கும் செபமும் நிறைந்த கிறிஸ்தவ வழிபாட்டை அவர்கள் தாங்களாகவே வளர்த்து வந்தனர்.

1954-ல் மானிடவியலும் மொழியியலும் கற்ற வில்லியம் ரேபர்ன் தம் துணைவியாருடன் அங்கு வந்து, அம்மக்களின் வாழ்வை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். தோபா மக்களை மென்னோனைட்டுகளாக்க முயல்வதை விட்டு, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களது திருச்சபைக்கே துணைநிற்க வேண்டும் என்பது அதனால் பெற்ற தெளிவு.

கட்டியெழுப்பியதைக் கைவிடுவது எளிதா? ஆனாலும் போதகர்கள் இணங்கினர். மிஷன் வளாகம் மூடப்பட்டது. தோபா தலைவர்களே நடத்தும் 'ஐக்கிய சுவிசேஷ சபை' உருவாகி அரசின் அங்கீகாரம் பெற உதவினர். தலைவர்களாக அன்றி, 'சகோதரப் பணியாளர்'களாக, விருந்தினராக வீடு வீடாகச் சென்றனர். ஆல்பர்ட் பக்வால்ட்டரும் அவர் மனைவி லோயிசும் அம்மக்களின் உதவியோடு பல்லாண்டுகள் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தனர்.

1959-ல் போதகராகச் சென்ற எல்மர் மில்லர் பின்னர் மானிடவியல் அறிஞரானார். நோய்க்கு மருந்தகம், ஆன்மாவுக்கு ஆலயம் என்று வாழ்வைப் பிரித்துக் காட்டும் போதகர், தாம் அறியாமலே இறைவனின் இடத்தைச் சுருக்கிவிடுகிறார் என்ற கருத்தை 1970-ல் அவர் முன்வைத்தார். நம்மையும் சிந்திக்க வைக்கும் சொல் இது.

விதைத்தவர் ஒதுங்கி நின்றார். பயிர் தன் மண்ணில் வேரூன்றியது. யூபிலி கொண்டாடும் நாம், திருச்சபை அந்தந்த மக்களுக்கே உரியது என்பதை இதனால் உணர்வோமாக.