அறவட்டம்

யாருக்குத் தீங்கு நேர்ந்தால் அதைத் தீங்கு என்றே நம் மனம் பதிவு செய்கிறதோ, அவர்கள் அனைவரும் அடங்கும் எல்லையை உளவியலில் அறவட்டம் என்பார்கள். குடும்பத்தில் தொடங்கி வர்க்கம், நாடு, மனிதகுலம், விலங்கினம் என்று இது அகன்றுகொண்டே போகும் என 1869இல் வரலாற்றாசிரியர் லெக்கி எழுதினார். 1981இல் பீட்டர் சிங்கர் அந்தக் கருத்தை ஒரு நூலாகவே விரித்தார். வடலூர் வள்ளலார் ஜீவகாருண்யம் பேசிய மண்ணில் இது புதுச் செய்தி அல்ல. ஆனால் வட்டம் அகன்றுகொண்டே போகும் என்ற பேச்சுதான் கொஞ்சம் இடிக்கிறது. நடைமுறையில் அது அகலும், சுருங்கும், ஒரே தெருவில் ஆளுக்கு ஆள் மாறும்.

எல்லை எங்கே விழுகிறது?

ஹெதர் கிரே, கர்ட் கிரே, டேனியல் வெக்னர் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிற உயிரின் மனத்தை நாம் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறோம்: இதற்கு வலிக்குமா? இது யோசித்துச் செயல்படுமா? வலிக்கும் என்று நம்பினால் இரக்கம் பிறக்கிறது; யோசித்துச் செய்தது என்று நம்பினால் பழி பிறக்கிறது. வயதும் எல்லையை மாற்றும். 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெரியவர்களோடு ஒப்பிட்டால், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் மனிதருக்கும் நாய்க்கும் இடையே வைத்த வேறுபாடு மிகக் குறைவு.

விலங்கின் பக்கம் நின்றவர்களுக்குத் தென்சென்னையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவிட்டது. கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய விலங்குநல அமைப்பான புளூ கிராஸ், கிண்டி வேளச்சேரி சாலையில் இயங்குகிறது. ஆனாலும் தெருநாய் விஷயத்தில் தென்சென்னைப் புறநகர் இன்றும் இரண்டுபட்டுத்தான் நிற்கிறது. கடிபட்ட குழந்தையின் தாய்க்கும், வாசலில் சோறு வைப்பவருக்கும் வலி என்றால் என்ன என்று தெரியும். யாருடைய வலி முதலில் கண்ணில் படுகிறது என்பதில்தான் வழக்கு.

தாம்பரம் சானடோரியம்

எல்லை நகர்வதைக் கண்கூடாகக் காட்டும் இடம் இது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928இல், டாக்டர் சௌரி முத்து இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது சிறிது காலம் தங்கியது இவருடைய மெண்டிப் மலை மருத்துவமனையில்தான். தாம்பரத்தைத் தேர்ந்தெடுக்க நல்ல காற்று ஒரு காரணம். ஊருக்கு வெளியே என்பது இன்னொரு காரணம். 1937இல் தாம்பரம் மருத்துவமனையை அரசு ஏற்றது.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் பாலியல் தொழிலாளர்கள். நோயின் முகம் அப்போதே முடிவாகிவிட்டது: "தானே தேடிக்கொண்டது." மற்ற மருத்துவமனைகள் கைகழுவிய நோயாளிகளை 1993 முதல் தாம்பரம் அனுமதித்தது. பல வீடுகளில் அவர்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். தேநீர்க் கடையில் இரட்டை டம்ளர் வைத்துச் சாதி பார்த்த ஊருக்கு இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த விலக்கலை உளவியலாளர்கள் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1988இல் பெர்னார்ட் வைனரும் குழுவினரும் பத்து வகைக் குறைகளைப் பட்டியலிட்டு மக்களின் எண்ணத்தைக் கேட்டார்கள். பார்வையின்மை, புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றுக்குப் பரிதாபம் வந்தது. எய்ட்ஸ், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்குக் கோபம் வந்தது. உதவும் எண்ணமும் குறைந்தது. பால் ரோசின் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. எய்ட்ஸ் நோயாளி ஒருமுறை போட்ட ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடுத்தாலும் பலருக்கு அதைப் போட மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தில் தொற்றுப் பயத்தோடு அந்நியர் மீதான கூச்சம், ஒழுக்கக் கறை, துரதிருஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் மூன்றும் கலந்திருந்தன. தொட்டால் பரவாது என்று சுவரொட்டி ஒட்டியும் பயம் போகாததன் காரணம் இதுதான். தொற்றுப் பயத்துக்கு மட்டுமே சுவரொட்டி மருந்து.

மாற்றத்துக்குப் பெரிதும் உதவியது வேறொன்று. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. சாகப் போகிறவர் என்று எழுதிவைத்த ஆள் மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அப்படிப்பட்டவரைக் கறையாக மட்டும் பார்ப்பது அக்கம்பக்கத்தாருக்குக் கடினமாயிற்று. இன்று தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள் ஏற்றுமதி மண்டலத் தொழிலாளர்கள், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வருபவர்கள். பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

வாடகை வீடும் வேலையும் அவ்வளவு எளிதில் இளகவில்லை. நாடாளுமன்றம் 2017இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தொற்றைக் காரணம் காட்டி நியாயமற்ற முறையில் வேலை, கல்வி, சிகிச்சை, குடியிருப்பு ஆகியவற்றை மறுப்பது தடைசெய்யப்பட்ட பாகுபாடு. புகார்களை விசாரிக்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.