கப்பலேறி வந்த இசை



இராயபுரத்தில் ஆசிரியப் பணியாற்றிய நாளில், வகுப்பில் மேசையைத் தட்டித் தாளம் போட்ட மாணவன் ஒருவனை வெளியே நிறுத்தினேன். அவன் தந்தை சாவு ஊர்வலங்களில் மேளம் அடிப்பவர். "சாவு மேளமெல்லாம் பள்ளிக்கூடத்திற்கு ஆகாது" என்றும் கடிந்துகொண்டேன். ஜாஸ் என்னும் இசையின் வரலாற்றைப் பின்னர்ப் படித்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று.

அவ்விசையும் ஒரு துறைமுகத்துப் பிள்ளையே. அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ளது நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள், அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடி முரசறைந்து ஆடுவர். 1817இல் நகர ஆட்சி அதற்கும் ஓரிடத்தையே வரையறுத்தது. காங்கோ சதுக்கம் என்பது அதன் பெயர். 1865இல் அடிமை முறை ஒழிந்தபின், பித்தளைக் குழல்களும் பெருமுரசும் கொண்ட பாண்டுக் குழுக்கள் கறுப்பின மக்களிடையே பெருகின. இடுகாடு நோக்கிச் செல்லும்போது மெல்ல நடக்கும் துயர இசை. அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் இசை. வடசென்னைத் தெருக்களில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை. புளூஸ் என்னும் சோகப் பாட்டும், தேவாலயப் பாட்டும், ராக்டைம் என்னும் பியானோ நடையும் இவற்றோடு கலக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருப்பெற்றது. எழுதிவைத்ததை அப்படியே வாசியாமல், அந்தந்தக் கணத்தில் கற்பனையால் விரித்துச் செல்வதே அதன் உயிர். நம் கச்சேரியில் வரும் கற்பனைச் சுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல; ஆயினும் வழி புலப்படும்.

இந்த இசையை நம் நாட்டில் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் டெடி வெதர்ஃபோர்டு. 1903இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸில் பியானோ பயின்றவர். சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில், புகழ்பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்தார். பெயர் ஓங்கிவந்த வேளையில், 1926இல் ஆசியாவுக்குக் கப்பலேறினார். அந்நாளைய அமெரிக்காவில் கறுப்பின இசைவாணர் பல விடுதிகளில் மேடையேறி வாசிக்கலாம். விருந்தினராக உள்ளே அமர இயலாது.

ஷாங்காய் நகரில் பல்லாண்டுகள் வாசித்தார். பிறகு பம்பாயின் தாஜ்மகால் ஓட்டல், கொழும்பின் காலிமுக ஓட்டல், கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டல் என்று துறைமுகம் துறைமுகமாகவே அவர் வாழ்வு நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் அவர் நடத்திய குழுவில், அமெரிக்கர் அல்லாதார் பலர் இருந்தனர். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த இசைவாணரும் இடம்பெற்றனர். பிறந்த நாட்டில் கிட்டாத தலைமை அவருக்கு இங்கே கிட்டியது. அங்கேயே இசைத்தட்டுகளும் பதிவு செய்தார். 1945 ஏப்ரலில் காலரா கண்டு கல்கத்தாவில் காலமானார். வயது 41. இசைத்தட்டுகள் எஞ்சியுள்ளன.

நான் வெளியே நிறுத்திய மாணவரை அண்மையில் ஓர் ஊர்வலத்தில் கண்டேன். தந்தையின் தொழிலையே ஏற்றிருந்தார். என்னைக் கண்டதும் தலையசைத்து வணங்கினார், கைகள் நிற்கவில்லை.